மூன்று வீடுகளுக்குப் போனேன்

அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் பெயருக்கு மேலே பதினோரு மாதங்கள் நான் எழுதியிருக்கிறேன். அது போதும்.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், சித்தேரி மலை தெரிகிற ஒரு கிராமத்தில் எங்கள் சபை இருக்கிறது. நாற்பது ஐம்பது குடும்பங்கள். நான் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன், சபையில் செயலாளர். அந்த அம்மா சபையின் ஊழியக்காரி. வீடு வீடாகப் போய், நோயாளிகளையும் துக்கத்தில் இருப்பவர்களையும் பார்த்து ஜெபித்துவிட்டு வருவதற்காகத் தலைமை அலுவலகம் அனுப்பிய பெண். ஐம்பது வயது இருக்கும். ஆலயத்துக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஓர் அறையை அவருக்குக் கொடுத்திருந்தோம். சபையைச் சேராதவர்களும்கூட அவரை ஜெபத்தம்மா என்றார்கள்.

மாதக் கடைசியில் அவர் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். சந்தித்த வீடுகள், ஜெபித்த நோயாளிகள், கொடுத்த வேத வசனக் கைப்பிரதிகள், உபவாசம் இருந்த நாட்கள், ஆலயத்துக்குப் புதிதாக வந்தவர்கள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். நான் அதைச் சரிபார்த்து மேலே அனுப்புவேன். முதல் மாதம் அவர் கொடுத்த படிவம் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. கட்டங்களை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் எழுதியிருந்தார்: மூன்று வீடுகளுக்குப் போனேன். சின்னப்பொண்ணு வீட்டுக்கு ஒன்பது நாள் போனேன். அவள் அழுதாள். நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வீட்டில் தூங்கிவிட்டேன்.

நான் அவரைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"என்னம்மா இது, தூங்கிட்டேன்னு எழுதியிருக்கீங்க?"

"தூங்கிட்டேனுங்க சார்."

"அதைப் போய் யாராவது எழுதுவாங்களா?"

"மாசம் பூரா என்னா பண்ணேன்னு கேட்டிருக்குதுங்களே."

"எதுக்குத் தூங்கினீங்க?"

"வெயிலுங்க. அந்த வூட்டுப் புள்ள பாய் போட்டுச்சு. படுத்ததும் கண்ணு சொக்கிப் போச்சு."

அவருக்கு அதில் வெட்கமே இல்லை. பல வருடங்கள் கழித்து, அந்தத் தூக்கத்துக்குப் பின்னால் ஆழமான காரணம் ஏதாவது இருந்திருக்கும் என்று நானாகவே தேடிப் பார்த்தேன். குடிகாரக் கணவனிடமிருந்து அந்தப் பெண்ணைக் காப்பாற்றப் படுத்திருப்பாரோ, இப்படியெல்லாம். விசாரித்ததில் அப்படி ஒன்றும் இல்லை. வெயில்தான்.

சின்னப்பொண்ணு எங்கள் சபையைச் சேர்ந்தவள். ஒரே மகன். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனான். உடல் வந்த நாளில் சபையே அவள் வீட்டில் இருந்தது. நான் குறிப்பு எழுதிக்கொண்டு போய் அரை மணி நேரம் ஆறுதல் பேசினேன். நல்ல பேச்சு என்று நாலு பேர் சொன்னார்கள். மறுநாளிலிருந்து எங்களுக்கெல்லாம் வேலை இருந்தது. அந்த அம்மா மட்டும் காலையில் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். பொழுது சாய்ந்தால் எழுந்து வருவார். ஜெபம்கூடச் செய்யவில்லை என்று கேள்விப்பட்டேன். அதைக் குற்றமாகக் குறித்து வைத்தேன்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை எங்களுக்கு உபவாச ஜெபம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாமல், பள்ளியில் நின்று நாலு வகுப்பு நடத்திவிட்டு, தலைவலியோடு ஆலயத்துக்கு வருவேன். அந்த வெள்ளிக்கிழமைகளில் ஒன்றில் அந்த அம்மாவின் அறையிலிருந்து கொள்ளுப் பருப்பு தாளிக்கிற வாசனை வந்தது. எட்டிப் பார்த்தால், தட்டில் களியை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"இன்னிக்கு உபவாசம்மா."

"தெரியுமுங்க சார். பசிச்சிருச்சு."

"எங்களுக்கெல்லாம் பசிக்கலியா?"

"உங்களுக்கும் பசிக்குதா? அட, வாங்க சார், இன்னொரு உருண்டை இருக்குது."

பரிகாசம் செய்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. உண்மையிலேயே எனக்காக ஒரு தட்டைக் கழுவ எழுந்துவிட்டார். நான் திரும்பி நடந்தேன். அன்று அவர் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஜன்னல் ஓரத்தில் பாயில் உட்கார்ந்து, எல்லோரும் கண்ணை மூடி அழுது ஜெபிக்கும்போது கண்ணைத் திறந்துகொண்டு சும்மா இருந்தார். பிடித்தவர் வீட்டுக்கு வந்தவர் உட்கார்ந்திருப்பது போல. கமிட்டியில் ஒருவர் என் காதில் சொன்னார்: "சம்பளம் வாங்கிக்கிட்டு ஓய்வெடுக்குது பாருங்க, இந்த உத்தியோகம் நமக்குக் கெடைக்கலியே."

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அப்பா உபதேசியாராக இருந்தவர். நான் வகுப்பில் இரண்டாவதாக வந்தால், முதலில் வந்தது யார் என்று கேட்பார். முதலில் வந்தால், எத்தனை மார்க் வித்தியாசம் என்று கேட்பார். கடவுளும் அப்படித்தான் கேட்பார் என்று நம்பி வளர்ந்தேன். அதிகாலை ஜெபம், ஞாயிறு பள்ளி, கமிட்டி, நன்கொடை, எதிலும் என் பெயர் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டேன். அப்படி இருந்தும், கடவுளுக்கு என்னைப் பிடிக்கும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

அந்த அம்மா அந்த வாக்கியத்தைச் சாதாரணமாகச் சொல்வார். படிவத்தை இப்படி வெறுமையாகக் கொடுத்தால் மேலே என்ன நினைப்பார்கள், கடவுளுக்குத்தான் என்ன பதில் சொல்வீர்கள் என்று ஒரு முறை கடிந்துகொண்டேன்.

"அவருக்கு என்னைப் புடிக்குமுங்க சார்," என்றார்.

"எதை வெச்சு சொல்றீங்க?"

"புடிக்காமயா கூப்புட்டாரு?"

"கூப்பிட்டது வேலை செய்யறதுக்கும்மா."

"வேலைக்கின்னா வேற நல்ல ஆளா பாத்திருப்பாருங்களே," என்று சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்போது அதற்குச் சரியான பெயர் தெரிகிறது. பொறாமை.

அந்த வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊழியம் சிறப்பாக நடக்கிற சபைக்கு ஆண்டு மாநாட்டில் மரியாதை செய்வார்கள். மாத அறிக்கைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். நான் அந்த அம்மாவிடம் போய், இனிமேல் நீங்கள் சிரமப்பட வேண்டாம், வெறும் படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், பள்ளிக் கணினியில் அழகாகத் தட்டச்சு செய்து அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

"நான் சொல்றதத்தான எழுதுவீங்க?"

"ஆமாம்மா."

ஒரு வருடத்துக்கான படிவங்களில் ஒரே தடவையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மூன்று வீடுகளை நான் முப்பது ஆக்கினேன். கைப்பிரதிகள் நூற்றுக்கணக்கில் போயின. களி சாப்பிட்ட வெள்ளிக்கிழமைகள் எல்லாம் உபவாசமாயின. அதோடும் நிற்கவில்லை. மலைமேல் ஒரு சிற்றூரில் பன்னிரண்டு வீடுகளுக்கு அந்த அம்மா வாரந்தோறும் நடந்து போய் ஜெபம் நடத்துவதாக எழுதினேன். மலை ஊழியம் என்றால் அலுவலகத்தில் மதிப்பு அதிகம்.

மாநாட்டில் எங்கள் சபைக்கு மரியாதை கிடைத்தது. பொன்னாடையைச் செயலாளர் என்ற முறையில் எனக்குப் போர்த்தினார்கள். அந்த அம்மா கூட்டத்தில் உட்கார்ந்து சந்தோஷமாகக் கை தட்டிக்கொண்டிருந்தார். எதற்காகக் கொடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது.

மலை ஊழியத்தைப் படித்து மகிழ்ந்துபோன அதிகாரி ஒருவர், அந்தப் பன்னிரண்டு குடும்பங்களையும் நேரில் பார்க்க வேண்டும் என்று மாசி மாதம் ஜீப் பிடித்து மேலே போனார். எங்களிடம் சொல்லாமல் போனார். மலைமேல் இருக்கிறவர்கள் தை பிறந்தால் குடகுக்குக் காப்பிக் கொட்டை பறிக்கவும், கேரளாவுக்கு மிளகு பறிக்கவும் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள், சித்திரையில்தான் திரும்புவார்கள். பன்னிரண்டு வீடும் பூட்டிக் கிடந்தது. ஆடு மேய்க்க விட்டுப்போன ஒரு பெரியவர் மட்டும் இருந்திருக்கிறார். ஜெபத்தம்மா வாராவாரம் வருகிறார்களா என்று கேட்டதற்கு, "எந்தம்மாங்க? பொங்கல்லருந்து இங்க நானும் ஆடுந்தான்," என்று சொல்லியிருக்கிறார். தை மாத அறிக்கையிலும் நான் பன்னிரண்டு வீடு என்றே எழுதி அனுப்பியிருந்தேன். இத்தனைக்கும் அந்த ஊர்ப் பிள்ளைகள் என் வகுப்பில் படித்தவர்கள். அவர்கள் இடம் காலியாக இருக்க, வரவில்லை என்று தினமும் என் கையால் வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் விசாரணை. அலுவலகத்திலிருந்து மூன்று பேர், போதகர், நான். அந்த அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க, என்னுதுதான்."

"இந்த வீடுகளுக்குப் போனீங்களா?"

அவர் படிவத்தை எடுத்து மெதுவாகப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்துப் படித்தார். "இல்லீங்க," என்றார்.

"அப்ப இதை எழுதினது யாரு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். மேஜைமேல் வெளிறிப்போன பச்சை விரிப்பு; அதில் ஒரு மை வட்டம். அதை இன்னும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

"எழுதினவங்க சொல்லட்டுமுங்க," என்றார் அந்த அம்மா.

அலுவலகத்து ஆட்கள் காத்திருந்தார்கள். எனக்காக அவர் விட்டுக்கொடுத்த நேரம் அது. அவர் பொய் சொல்லவும் இல்லை, என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. நான் வாயைத் திறந்தால் போதும். போதகர் என் பக்கம் திரும்பி, "சார், நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்றுகூடக் கேட்டார். "அவங்க கொடுத்ததை நான் அனுப்பினேன்," என்றேன்.

ஒரு வாரத்தில் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். வீட்டில் என் மனைவி, "அந்தம்மா அப்படி எழுதுமா?" என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்றேன். அவள் இறந்து ஆறு வருடம் ஆகிறது. கடைசிவரை அவளுக்குத் தெரியாது.

காலி செய்வதற்கு முந்தின நாள் அந்த அறைக்குப் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய். அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சத்துணவுக் கூடத்தில் வேலைக்குச் சொல்லிவைப்பதாக ஆரம்பித்தேன். பிறகு ஏதேதோ சொன்னேன். சுற்றறிக்கை, நிர்ப்பந்தம், சபையின் நல்ல பெயர்.

"சார்," என்றார். "நான் அன்னிக்கே விட்டுட்டேனுங்க."

"எதை?"

"அதத்தான். அந்த விசாரணை ரூம விட்டு வெளிய வர்றப்பவே."

"நான் உங்களுக்கு ஏதாவது செய்யணும்மா."

"ஒண்ணும் செய்ய வேணாம். செத்த உக்காருங்க. டீ வெக்கிறேன்."

பள்ளிக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். அன்று பள்ளி விடுமுறை. அது அவருக்கும் தெரியும்.

அவர் மாரண்டஹள்ளியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். காய்கறி மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிற வேலை. வருடத்துக்கு ஒரு முறையாவது நான் பஸ் பிடித்துப் போவேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது கொண்டு போவேன். புடவை, கம்பளி, ஒரு முறை தையல் மிஷின். மறுத்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் மறுக்கவே மாட்டார். "அட, இது எனக்கா? நல்லா இருக்குது சார்," என்று அப்போதே பிரித்துத் தோளில் போட்டுப் பார்ப்பார். நான் கொண்டு போனது அபராதம். அவர் வாங்கிக்கொண்டது பரிசு. திரும்பி வருகிற பஸ்ஸில் பாரம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு தரமும் இறங்கவில்லை.

கடைசியாகப் பார்த்தபோது அவருக்குக் கால் வீங்கியிருந்தது. தங்கை மகள் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். நான் இந்த முறை முடிவோடு போயிருந்தேன்.

"சபை முன்னாடி எழுந்து நடந்ததைச் சொல்லப் போறேம்மா."

அவர் வீங்கிய காலை நீட்டி வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க சார். ஆனா அதையும் நல்ல பேரு வாங்கறதுக்குன்னு சொல்லிறாதீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தங்கை மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு மட்டும் முகம் விழுந்துபோயிற்று. இந்த வார்த்தையைச் சாக்காக வைத்துக்கொண்டு மேலும் எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். இதற்குள் அந்த அம்மா இறந்துபோனார். அடக்கம் முடிந்து நாலு நாள் கழித்துத்தான் எனக்குத் தகவல் வந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றேன். இருபது வருடத்துக்கு முந்தைய விஷயம். இப்போதிருக்கும் பாதிப் பேருக்கு அந்த அம்மாவைத் தெரியாது. அறிக்கைகளை எழுதியது நான், அவர் குற்றமற்றவர், என் முன்னால் அவரை அனுப்பினார்கள், நான் வாயைத் திறக்கவில்லை என்று சொன்னேன். குறிப்பு எதுவும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

முடித்ததும் சபை கை தட்டியது.

புதிதாக வந்திருக்கும் இளம் போதகர் இறங்கி வந்து என் தோளை அணைத்துக்கொண்டார். "இந்த வயசுல இவ்வளவு தாழ்மை! நம்ம சார் நமக்கெல்லாம் முன்மாதிரி," என்றார் மைக்கில். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல்கள். என் உள்ளே எங்கோ ஒரு மூலையில் அந்தக் கை தட்டல் இனித்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். இனித்தது.

ஆராதனை கலைந்த பிறகு சின்னப்பொண்ணு வந்து எதிரில் நின்றாள். அவளுக்கும் இப்போது வயதாகிவிட்டது. தனியாகத்தான் இருக்கிறாள்.

"ஏன் சார், இத அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்லியிருந்தா அந்தம்மா இங்கியே இருந்திருக்கும். எம் பையன் செத்தப்ப எல்லாரும் என்னென்னமோ சொல்லிட்டுப் போனீங்க. அந்தம்மா ஒண்ணும் சொல்லல. அதுக்கும் ஒண்ணும் தெரியலன்னு எனக்கு ஆறுதலா இருந்துச்சு. அது போனதுக்கப்புறம் என் வூட்டுல வந்து சும்மா உக்கார ஒரு ஆளு இல்ல சார்."

இந்தக் கட்டத்தை நான் யோசித்ததே இல்லை. அந்த அம்மாவுக்குச் செய்ததையே இருபது வருடம் சுமந்துகொண்டிருந்தேன். இவள் வீட்டு வாசலில் யாரும் வராமல் போனது என் கணக்கில் வரவே இல்லை.

"நான் வரட்டுமாம்மா?" என்று வாய் முந்திக்கொண்டது.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க வேணாம் சார். நீங்க வந்தா டூட்டிக்கு வந்தாப்புல இருக்கும்." கோபமாகச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் உள்ளே திரும்பி, ஆண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மகன் ஓசூரில் இருக்கிறான். வீட்டில் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. ஆலயத்தைத் திறந்து பூட்டுகிற பையன் மணி, மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தான்.

"சார், கமிட்டி மீட்டிங் இருக்குதுங்களா?"

"இல்லப்பா."

"ஜெபம் பண்ணப் போறீங்களா? மைக்க ஆன் பண்ணி வுடட்டுமா?"

"வேண்டாம்."

"அப்ப என்னா பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் இல்ல."

அவனுக்கு அது விளங்கவில்லை. இந்த ஆலயத்தில் வேலை இல்லாமல் நான் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பூட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

தினமும் கேட்கிற மன்னிப்பை அன்று நான் கேட்கவில்லை. அது கொடுக்கப்பட்டு இருபது வருடம் ஆகிறது. விசாரணை அறையை விட்டு வெளியே வரும்போதே அந்த அம்மா கொடுத்துவிட்டார். அவருக்கு முன்பே கடவுள் கொடுத்திருப்பார். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இருந்த இடத்தில் இல்லை. புடவையோடும் கம்பளியோடும் பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்தான்.

கை இரண்டும் மடியில் வெறுமையாகக் கிடந்தன. அவற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை. கூப்பவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மணி வரும்வரை அங்கேயே இருந்தேன்.